வாளும் உலைக்களமும்



கணினியின் வழியே ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் புகுந்து வாழும் கற்பனை உலகங்கள் இன்று பல உண்டு. அவற்றுள் ஒரு வகையைச் சாண்ட்பாக்ஸ் விளையாட்டு என்று அழைக்கிறார்கள். இன்ன கதையை இன்ன வரிசையில் நடித்து முடிக்க வேண்டும் என்று அங்கே ஒருவரும் ஆணையிடுவதில்லை. நிலமும் மலையும் மரமும் உலோகமும் கொடுத்துவிட்டு, இனி உங்கள் சாமர்த்தியம் என்று சிருஷ்டிகர்த்தா ஒதுங்கிக்கொள்கிறார். சிலர் சுரங்கம் தோண்டுகிறார்கள், சிலர் கடை வைக்கிறார்கள், சிலர் வீடு கட்டுகிறார்கள், சிலர் ஒன்றும் செய்யாமல் ஊர் சுற்றுகிறார்கள். இவ்வாறு பலர் பலவிதமாக வாழும் உலகத்தில், ஒருவர் மற்றொருவரைத் தாக்கவும், கொல்லவும், கொன்றபின் அவருடைய மூட்டையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போகவும் இடம் கொடுத்தே தீர வேண்டுமா என்பதுதான் இன்று நாம் ஆராயப்போகும் கேள்வி. விளையாடுகிறவர்கள் இதைப் பி.வி.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். அரக்கனைக் கொல்வதும் ஓநாயைக் கொல்வதும் இங்கே விவகாரம் அன்று. அவை இயந்திரத்தின் பொம்மைகள், செத்தால் அழ ஆளில்லை. எங்கோ ஒரு வீட்டில், நாள் முழுவதும் உழைத்துக் களைத்தபின், ஒரு மணி நேரம் மனத்தை ஆற்றிக்கொள்ள வந்து அமர்ந்திருக்கும் நிஜ மனிதரைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

இந்தச் சச்சரவு நேற்று முளைத்தது என்று எண்ணிவிடாதீர்கள். 1986-ஆம் ஆண்டிலேயே, லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தைச் சேர்ந்த சிப் மார்னிங்ஸ்டார், ராண்டால் ஃபார்மர் என்ற இருவர், கொமடோர் 64 என்ற எளிய வீட்டுக் கணினிகளைத் தொலைபேசிக் கம்பியால் இணைத்து, ஹாபிடாட் என்றொரு நகரத்தைப் படைத்தார்கள். அந்நகரில் துப்பாக்கியும் இருந்தது. சுடப்பட்டவர் அடியோடு ஒழிந்துபோவதில்லை. சட்டைப்பை காலியாக, தம் தலையைத் தாமே கையில் ஏந்திக்கொண்டு, தம் வீட்டில் மறுபடி தோன்றுவார். திருட்டும் கொலையும் மலிந்தன. குடிகளுக்குள் தர்க்கம் மூண்டது. நிஜ வாழ்வில் கிரேக்க வைதிகத் திருச்சபையின் குருவாக இருந்த ஒருவர், அந்நகரிலேயே ஓர் ஆலயம் எழுப்பி, ஆயுதம் ஏந்துவதில்லை, களவு செய்வதில்லை என்று சீடர்களிடம் விரதம் வாங்கினார். ஆலயத்தில் கூட்டமும் சேர்ந்தது. ஹாபிடாட்டில் கொலை என்பது குற்றமா, அல்லது விளையாட்டின் ஓர் அம்சந்தானா என்று மக்களையே கேட்டபோது, அபிப்பிராயம் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிளந்து நின்றது. பிறகு ஒரு காவல் அதிகாரியைத் தேர்தல் நடத்தி நியமித்தார்கள். அவருக்கு என்ன அதிகாரம் கொடுப்பது என்று மறுபடியும் ஒரு தர்க்கம்! சரிபாதி என்ற அந்தக் கணக்கைக் கவனியுங்கள். நாற்பது ஆண்டுகளாக அந்தத் தராசு பெரிதாக ஆடியதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து, இந்த வழக்கின் தலையாய சாட்சியை அழைக்கிறேன். 1997-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் ஆரிஜின் நிறுவனம் வெளியிட்ட அல்டிமா ஆன்லைன் என்ற விளையாட்டு அது. வெளியீட்டுக்கு முந்திய மாதம், சோதனைக் காலத்தில், அதன் பிதாவான ரிச்சர்ட் காரியட், லார்ட் பிரிட்டிஷ் என்ற அரசர் வேடத்தில் குடிகளுக்குத் தரிசனம் தர எழுந்தருளினார். அவருக்குச் சாகா வரம் உண்டு. ஆனால் இடையில் இயந்திரத்தை நிறுத்தி மறுபடி இயக்கியபோது, அந்த வரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள மறந்துபோனார். ரெய்ன்ஸ் என்ற புனைபெயரில் கூட்டத்தில் நின்ற ஒருவர், பிறர் பையிலிருந்து களவாடிய நெருப்பு மந்திரச் சுவடியைப் பிரயோகிக்க, படைத்தவர் தம் படைப்பிலேயே எரிந்து வீழ்ந்தார்! பிறகு நடந்ததைத்தான் நான் அதிகமாக நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆத்திரமுற்ற அரசாங்கத்தார் பேய்களை ஏவினார்கள். மாண்டவர்களோ, வேடிக்கை பார்க்க வந்து நின்ற அப்பாவிகள்.

அதன்பின் மூன்று ஆண்டுகள் அந்த உலகம் கண்ட காட்சி என்ன? நகரத்துக்குள் காவல் உண்டு. அபயம் என்று கூவினால் காவலர் தோன்றி, தாக்கியவனை அக்கணமே வீழ்த்துவார்கள். நகர வாயிலைத் தாண்டினால் நாதியில்லை. மினாக் நகரை அடுத்த மலைகளில் இரும்புத் தாது வெட்டப் போன புதுக்குடி ஒருவர், தம் முதல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பும் வழியில், செந்நிறப் பெயர் தாங்கிய நால்வர் குதிரையில் வருவதைக் காண்பார். அடுத்த நொடி அவருக்கு உலகமே சாம்பல் நிறமாகிவிடும். ஆவியாகி நின்று, தம் உடலிலிருந்து தாதுவையும் கோடரியையும் சட்டையையும் பிறர் பங்கிட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஏனையா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கலாம் என்றால், இறந்தவரின் பேச்சு உயிரோடிருப்பவர் காதில் வெறும் 'ஊ ஊ' என்ற ஓலமாகத்தான் விழும்.

இதைச் சீர்ப்படுத்த முயலாமல் இல்லை. நற்பெயர், அவப்பெயர் என்ற கணக்கைக் கொண்டுவந்தார்கள். குற்றமற்றவருக்கு நீலம், குற்றம் புரிந்தவருக்குச் சாம்பல், கொலைகாரருக்குச் சிவப்பு என்று பெயரின் நிறத்தையே மாற்றினார்கள். கொலையுண்டவர் கொலையாளியின் தலைக்கு விலை வைக்கலாம் என்றார்கள். சட்டம் ஒரு படி ஏறினால் கொலைஞர்கள் இரண்டு படி ஏறினார்கள். நீலப்பெயர் கொண்ட வேறொரு வேடத்தை ஒற்றனாக முன்னே அனுப்பினார்கள். அப்பாவியைச் சீண்டி முதல் அடியை அவனே அடிக்கும்படி செய்து, குற்றத்தை அவன் மேலேயே சுமத்தினார்கள். அந்த உலகத்தின் தலைமை வடிவமைப்பாளரான ராஃப் கோஸ்டர், குடிகளே தங்கள் நீதியைத் தாங்களே நிலைநாட்டிக்கொள்வார்கள் என்று மனமார நம்பியவர். உயர்ந்த நம்பிக்கை. ஆனால் நீதியை நிலைநாட்டுவது சுகமான பொழுதுபோக்கு அன்று. கொள்ளையடிப்பதோ அதை விரும்புகிறவர்களுக்குச் சுகமான பொழுதுபோக்கு. ஓய்வு நேரத்தில் ஊர்க்காவல் நிற்க எத்தனை பேர் வருவார்கள்?

கடைசியில், 2000-ஆம் ஆண்டு, உலகத்தையே இரண்டாக்கினார்கள். ஃபெலூக்கா என்பது பழைய பூமி; அங்கே வாளுக்குத் தடையில்லை. டிராமெல் என்பது அதன் நேர்ப்பிரதி. அதே மலை, அதே ஆறு, அதே நகரங்கள், ஆனால் ஒருவர் சம்மதமின்றி அவர்மேல் மற்றொருவர் கை வைக்க முடியாது. மக்கள் என்ன செய்தார்கள்? மூட்டை முடிச்சோடு குடிபெயர்ந்தார்கள். பழைய பூமியின் வீதிகள் வெறிச்சோடின. சந்தாதாரர் தொகை குறையவில்லை. வளர்ந்து, 2003-ஆம் ஆண்டளவில் சுமார் இரண்டரை லட்சத்தை எட்டியது. பழைய வீரர்களிடம் போய்க் கேட்டால், டிராமெல் என்ற பெயரை இன்றும் ஒரு வசைச்சொல்லைப் போல உச்சரிப்பார்கள். அபாயம் போயிற்று, அபாயத்தோடு கதையும் போயிற்று என்பது அவர்கள் பிரலாபம். அதில் உண்மை அறவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: இரை சம்மதித்து வராவிட்டால் வேட்டையே நடக்காது என்ற நிலை வந்தவுடன் வெறிச்சோடிப்போன ஒரு வீதி, அதற்கு முன்பு யாருடைய மகிழ்ச்சியால் நிறைந்திருந்தது?

அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். எதிர்த்தரப்பின் சாட்சி வலிமை மிக்கது. அதை மறைத்துப் பேசுவது இந்த மேடைக்கு அழகன்று.

ஐஸ்லாந்து தேசத்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் சி.சி.பி. என்ற நிறுவனம் உண்டு. அந்நிறுவனம் 2003-ஆம் ஆண்டு மே மாதம் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி உலகத்தைத் திறந்தது. அங்கே ஓடும் கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை, விளையாடுவோர் தோண்டிய தாதுவிலிருந்து, விளையாடுவோர் தொழிற்சாலையில், விளையாடுவோர் செய்து விற்பவை. போரில் ஒரு கப்பல் வெடித்தால் அது போனதுதான். இன்னொன்று வாங்கியாக வேண்டும். 2014-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள், பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்தின் ஆதிபத்தியத்துக்குக் கட்ட வேண்டிய தொகை செலுத்தப்படாமல் போனது. ஒரு கப்பம் தவறியது, அவ்வளவே! எதிரிகள் உள்ளே பாய்ந்தார்கள். ஏறக்குறைய இருபத்தொரு மணி நேரம், ஏழாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் மாறி மாறிக் கலந்துகொண்ட யுத்தம் அது. டைட்டன் என்ற இராட்சதக் கப்பல்கள் 75 அழிந்தன. ஒவ்வொன்றும் பலர் சேர்ந்து வாரக்கணக்கில் கட்டி முடித்தது. நிஜப் பணத்தில் மதிப்பிட்டால் அழிந்தது மூன்று லட்சம் டாலர் பெறும் என்று கணக்கிட்டார்கள். எந்த நாவலாசிரியரும் எழுதாத போர். செலுத்தப்படாத ஒரு தொகையிலிருந்து பிறந்த போர். இத்தகைய காவியத்தைப் போரில்லாத உலகம் ஒன்று தர முடியுமா என்று அவர்கள் கேட்டால், தர முடியாது என்றுதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருந்தாலும், அந்த உலகத்தைத் தாங்கி நிற்பது எது என்று சற்று நெருங்கிப் பாருங்கள். சண்டையா? சண்டையில் நேரும் அழிவா? இவ்விரண்டும் ஒன்றே என்று எண்ணி எண்ணித்தான் இத்தனை காலம் இந்த வாதம் செக்குமாடாகச் சுற்றிவந்திருக்கிறது. உடையாத பானை செய்யும் குயவன், ஊரில் வீட்டுக்கு ஒரு பானை விற்று முடித்த அன்றே பட்டினி கிடப்பான். ஈவ் உலகத்தின் தாது வெட்டுவோனும் கப்பல் கட்டுவோனும் சரக்கேற்றுவோனும் ஜிட்டா என்ற பெருஞ்சந்தையில் வணிகம் செய்வோனும் பிழைப்பது, எங்கோ ஓரிடத்தில் ஓயாமல் கப்பல்கள் நொறுங்கிக்கொண்டிருப்பதால்தான். உலைக்களம் அணையாமல் எரிய அழிவு வேண்டும். அந்த அழிவை வாள்தான் செய்ய வேண்டும் என்பது எந்தச் சாஸ்திரம்?

இதற்கு விடையை வேறெங்கும் தேட வேண்டாம். அல்டிமா ஆன்லைனை வடிவமைத்த அதே ராஃப் கோஸ்டரின் அடுத்த படைப்பிலேயே காணலாம். 2003-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்ற உலகம் அவர் தலைமையில் உருவானது. பெயரிலேயே யுத்தம் இருக்கிறது. ஆயினும் அங்கே மனிதரோடு மனிதர் பொருதுவது, வெளிப்படையாகக் கட்சி கட்டிக்கொண்டு இறங்கியவர்களுக்கு மாத்திரமே. உலைக்களம் அணைந்ததா? இல்லை, அவ்வளவு செழிப்பான கைத்தொழிலைப் பின்னால் வந்த உலகங்களில் காண்பது அரிது என்று பலர் இன்றும் ஏங்குகிறார்கள். காரணம், பொருள்கள் தேய்ந்தன. துப்பாக்கியும் கவசமும் பயன்படப் பயன்படப் பழுதடைந்து ஒரு நாள் உதவாமல் போயின. நல்ல ஆயுதம் வேண்டுமானால் நல்ல கம்மாளனைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இன்னொரு விசித்திரத்தையும் கேளுங்கள். காட்டில் விலங்குகளோடு போராடிக் களைத்து மனம் சோர்ந்தவனுக்கு மருந்து, மதுச்சாலையில் ஆடும் நடனக்காரியும் வாசிக்கும் இசைக்காரனுந்தான். அவர்கள் முன் அமர்ந்திருந்தால்தான் அந்தச் சோர்வு தீரும். வாளையே தொடாத ஒருவர், ஆடியும் பாடியும் மட்டுமே ஓர் உலகத்துக்கு இன்றியமையாதவர் ஆனார்! அந்த உலகத்தைக் கெடுத்தது போரின்மை அன்று. 2005-ஆம் ஆண்டு நவம்பரில் உரிமையாளர்கள் அதன் தொழில்முறைகளைத் தலைகீழாக மாற்றியமைத்ததே பெருங்கேடு. 2011 டிசம்பரில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். சாண்ட்பாக்ஸ் உலகத்துக்கு இன்றியமையாதவை இரண்டு: பொருள்கள் நிலையாமல் அழிந்துகொண்டிருப்பது, ஒருவர் இல்லாமல் மற்றவர் வாழ முடியாத பரஸ்பரத் தேவை. வாள், அழிவைச் செய்யும் கருவிகளுள் ஒன்று. அதற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு என்பதையும் மறைக்கமாட்டேன்: துருவினால் அழிந்த பொருளுக்காக யாரும் பழிவாங்கப் புறப்படுவதில்லை, துருவை எதிர்த்து ஏழாயிரம் பேர் அணிவகுப்பதும் இல்லை. பகையும் கூட்டணியும் துரோகமும் நிறைந்த அரசியலே ஓர் உலகத்தின் உயிர்நாடியாக இருக்க வேண்டுமென்று படைப்பவர் கருதினால் அவருக்கு வாள் வேண்டும். ஈவுக்கு வேண்டும். அதனால் எல்லோருக்கும் வேண்டும் என்பது எப்படிப் பெறப்படும்?

சுதந்திரம் என்ற சொல்லை இந்த இடத்தில் எடுத்து வீசுவார்கள். எதையும் செய்யலாம் என்பதுதானே சாண்ட்பாக்ஸ், கொலையை மட்டும் தடுப்பது சுதந்திர பங்கமன்றோ என்பார்கள். கொல்லுகிறவருடைய சுதந்திரம் எனக்கு விளங்குகிறது. தாது வெட்டப் போனவருக்கும் ஒரு சுதந்திரம் உண்டே. இன்று நான் போரிட விரும்பவில்லை என்று சொல்லும் சுதந்திரம், அதற்கு என்ன விலை? அமேசான் நிறுவனத்தார் நியூ வேர்ல்ட் என்ற தங்கள் உலகத்தை முதலில் திறந்த போர்க்களமாகவே சமைத்தார்கள். சோதனையில் கண்டது, தேர்ந்த வீரர்கள் புதியவர்களைத் தேடித் தேடி வெட்டிச் சாய்த்ததை. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விரும்பியவருக்கு மட்டும் போர் என்று விதியை மாற்றிவிட்டு, மறு ஆண்டு செப்டம்பரில் வெளியிட்டார்கள். சமபலம் உள்ளவரைத் தேடிப் போவது வீரம்; ஆனால் கட்டற்ற களத்தில் லாபக் கணக்கு எப்போதும் பலமில்லாதவரையே சுட்டிக்காட்டுகிறது. மனிதர்கள் கெட்டவர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. விதிகள் எதற்குப் பரிசளிக்கின்றனவோ அதைத்தான் கெட்டிக்காரர்கள் செய்வார்கள்.

போரை வைத்தே தீருவது என்றாலும் அதற்கு ஒரு முறை உண்டு. புறநானூற்றில் மன்னன் முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய புலவர் நெட்டிமையார், போரிட இயலாதோரை முன்கூட்டி எச்சரித்து அரண் தேடிக்கொள்ளச் சொல்லும் அவன் அறத்தையே புகழின் தலைவாயிலில் வைத்தார். ஈவ் உலகத்தின் காவலுள்ள பகுதிகளில் ஒரு குழு இன்னொரு குழுமீது முறைப்படி போர் தொடுத்தால், அறிவித்து 24 மணி நேரம் கழிந்த பிறகே முதல் குண்டு வெடிக்கலாம் என்பது விதி. புறநானூற்றுக்கும் ஐஸ்லாந்துக்கும் உறவு கற்பிக்க நான் முயலவில்லை. மனிதர்கள் எங்கே நீண்ட காலம் சேர்ந்து சண்டையிட்டாலும் இப்படியொரு வழக்கம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது போலும். காவலுள்ள பகுதியிலும் தற்கொலைத் தாக்குதல் உண்டு என்று இளைஞர் யாரேனும் குறுக்கிடலாம். உண்மைதான். கன்கார்டு என்ற அந்தக் காவற்படை குற்றத்தைத் தடுப்பதில்லை, நடந்த பிறகு வந்து தண்டிக்கிறது. அந்தத் தண்டனையையும் தொழிற்செலவில் சேர்த்துக் கணக்கிட்டுச் சரக்குக் கப்பல்களைத் தகர்க்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். அந்த நிபுணத்துவத்தை என்னால் வியக்க முடிகிறது. பாராட்ட மனம் வரவில்லை.

இறுதியாக ஓர் உலகம். எகிப்து. 2003-ஆம் ஆண்டிலேயே ஆண்ட்ரூ டெப்பர் என்பவர் திறந்துவைத்த எ டேல் இன் தி டெஸர்ட் என்ற அதில் வாளே கிடையாது; மனிதரை மட்டுமன்று, ஒரு நரியைக் கூட அடிக்க வழியில்லை. சணல் விதைப்பதும் செங்கல் அறுப்பதும் சூளை வைப்பதும் சிற்பம் சமைப்பதுமே வாழ்க்கை. அப்படியானால் அங்கே பூசல் இல்லை என்று எண்ணுகிறீர்களா? குடிகளே சட்டம் எழுதி, கையொப்பம் திரட்டி, வாக்களித்து நிறைவேற்றுவார்கள். நிறைவேறிய சட்டம் விளையாட்டின் விதியாகவே மாறிவிடும். சட்டம் இயற்ற உரிமை கொடுத்த இடத்தில் பூசலுக்கு என்ன பஞ்சம்! அங்கே மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்பட்டு உப பாரோ என்ற பதவிக்கு வருகிறவருக்கு ஓர் அதிகாரம் உண்டு: ஏழு பேர் வரையில், அவ்வுலகத்தை விட்டு நிரந்தரமாக அகற்றிவிடலாம். மேல்முறையீடு எதிர்பார்ப்பதற்கில்லை. மினாக் மலையில் மாண்டவர் ஆவியாக நின்று அழுதாலும் சற்று நேரத்தில் உயிர்த்தெழுந்து இன்னொரு கோடரி வாங்கலாம். சணல் விளையும் இந்தச் சாந்த பூமியில் விலக்கப்பட்டவருக்குத் திரும்பி வர வழியே இல்லை. போரை நீக்கிவிட்டால் உலகம் சாதுவாகிவிடும் என்று நம்பி என் கட்சிக்கு வந்திருப்பவர்கள் இந்த உப பாரோவையும் கூடவே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எனக்கு வகுத்த நேரம் கடந்துவிட்டதாகத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஃபெலூக்காவில் வாழ்ந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கண்டனங்களை முதலில் கேட்கிறேன், எழுந்து வாருங்கள்.